கைக்கிளையும் திரைநாயகனும்

முன்னுரை

காதல் என்பது இருவர்பால் ஒத்து நிகழ்வது. அதனை அன்பின் ஐந்திணை என நம் முன்னோர் சிறப்பித்தனர். எனினும், ஒத்து நிகழாத காதலை அவர்கள் காணாது விட்டாரல்லர். ஒருவர் மட்டும் உளம் நெகிழ, மற்றவர் அதனை அறியாதிருக்கும் நிலைக்குக் கைக்கிளை எனப் பெயரிட்டு, எழுதிணையுள் முதலாவதாக வைத்து எண்ணினர். பண்டைப் புலவர் கண்ட இவ்வுணர்ச்சி, இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய திரைப்படக் கொட்டகையிலும் புகுந்தது. இருளில் அமர்ந்து, வெண்திரையில் அசையும் ஓர் உருவத்திடம் உள்ளம் பறிகொடுத்தவர் எண்ணற்றோர். அவ்வுருவம் ஒரு கதையின் மாந்தன், நம்மை அறியாதவன், படம் முடிந்தவுடன் மறைபவன். ஆயினும், அவனை எண்ணி ஏங்கியவர் ஏக்கம் பொய்யன்று.

இம்மயக்கத்தை மேனாட்டு வரவு என்று பழித்தோர் உண்டு. இளையோர் சீர்கேடு என்று எள்ளியோரும் உண்டு. இவ்விரு கூற்றும் பொருந்துமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு எடுத்துக்காட்டாக, எம். கே. தியாகராச பாகவதர் நடித்த ‘சிந்தாமணி’ (1937), ‘ஹரிதாஸ்’ (1944) ஆகிய இரு படங்களின் நாயகர்களை யாம் எடுத்துக் கொள்கின்றோம். உணர்ச்சி பழையது, அதனைத் தாங்கிய பொருளே புதியது என்பதும், அப்புதுமை ஒரு மனிதனின் வாழ்வில் பெரும் விளைவை உண்டாக்கியது என்பதும் பின்வருவனவற்றால் புலனாகும்.

1. கைக்கிளையும் பாடாணும்

தொல்காப்பியனார் அகத்திணை ஏழினுக்கும் புறத்திணை ஏழினை இணையாக வகுத்தார். குறிஞ்சிக்கு வெட்சி, முல்லைக்கு வஞ்சி எனச் செல்லும் அவ்வரிசையில் கைக்கிளைக்குப் புறமாக அவர் வைத்தது பாடாண் திணையாகும். பாடாணாவது ஒருவனுடைய கொடை, வீரம், புகழ் ஆகியவற்றைப் பிறர் பாடிப் போற்றுதல். ஒருதலைக் காதலும் புகழ்ப்பாட்டும் ஒன்றற்கொன்று அகமும் புறமும் ஆதல் எவ்வாறு?

இரண்டிலும் அன்பு ஒருபக்கமாகவே செல்கிறது என்பதே விடை. பாடுவோன் நெருங்கி வருகிறான். பாடப்படுவோன் உயரத்தில் நிற்கிறான். போற்றுவோர் உள்ளம் முழுதும் நிறைந்திருக்கும் ஒருவனுக்கு அவர்தம் பெயர்கூடத் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. ஆகவே, புகழ்பெற்ற ஒருவனைக் கூட்டமாக நின்று போற்றுவதும், தனித்திருந்து அவனை எண்ணி உருகுவதும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என இலக்கணம் வகுத்தோர் கண்டனர் எனலாம். திரைநாயகனைக் கண்டு கொட்டகையில் ஆரவாரிப்பவரும், வீடு திரும்பி அவனையே நினைந்து உறங்காதிருப்பவரும் இவ்விரு திணைக்கும் உரியவர் அல்லரோ?

தொல்காப்பியம் கைக்கிளையை ஆடவன் கூற்றாகவே கூறுகிறது. பிற்காலத்து எழுந்த புறப்பொருள் வெண்பாமாலையோ அதனை ஆண்பாற் கூற்று, பெண்பாற் கூற்று என இரண்டாகப் பகுத்தது. இப்பகுப்பு நம் ஆராய்ச்சிக்குப் பின்னர்ப் பயன்படும்.

2. நக்கண்ணையாரின் மூன்று பாடல்கள்

பெண்ணொருத்தியின் ஒருதலைக் காதலை அவள் வாய்மொழியாகவே காட்டும் அரிய சான்று புறநானூற்றில் உள்ளது. பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைக் குறித்துப் பாடிய 83, 84, 85ஆம் பாடல்களே அவை. இச்சோழன் ஆமூர் மல்லனோடு பொருது வென்றவன். அப்போரின் சிறப்பைச் சாத்தந்தையார் 80 முதல் 82 வரையுள்ள பாடல்களில் போற்றுகிறார். அவர் பாடியது வீரம். நக்கண்ணையார் பாடியது வீரனைக் கண்ட நெஞ்சம்.

முதற் பாடலில் அவர் இரண்டு அச்சங்களைக் கூறுகிறார். உடல் மெலிந்து வளை கழன்றால் தாய் அறிவாள் என்பது ஒன்று. அவனைத் தழுவ எண்ணினால் அவையோர் காண நாணம் தடுக்கிறது என்பது மற்றொன்று. ஒரு பக்கமும் சாராது இரண்டிடையே கலங்கும் தம் நிலை இவ்வூருக்கும் வருவதாக என்று அவர் கூறும்போது, தனித்துயருக்கு ஊரையே துணை சேர்க்கும் உள்ளத்தைக் காண்கிறோம். மூன்றாம் பாடலில் ஊரார் இரு கட்சியாய்ப் பிரிந்து, வென்றான் என்றும் வென்றிலன் என்றும் வாதிடுகின்றனர். அவரோ சிலம்பொலிக்க ஓடித் தம் மனையில் உள்ள பனைமரத்தைச் சார்ந்து நின்று, அவன் வெற்றியைத் தம் கண்ணால் கண்டுவிடுகிறார்.

இடைப்பட்ட 84ஆம் பாடலே நமக்கு மிக முதன்மையானது. தம் தலைவன் கூழுண்டு வாழ்ந்தாலும் பெருந்தோள் உடையவன் என்கிறார். அவனருகே இருந்தும் தாம் பசலையால் பொன்னிறம் பெற்றதையும் கூறுகிறார். நாடிழந்து வறுமையுற்ற காலத்திலும் அவன் தோளின் பெருமை அவர் கண்ணுக்குக் குறையவில்லை. கைக்கிளையைச் சிறுமை உறவு எனப் பொருள் கூறுவர். ஆயினும் இங்கே சிறுமை ஒன்றும் காணப்படவில்லை. காதலிக்கப்பட்டவன் நிலை தாழ்ந்தபோதும் தாழாத அன்பு அது. இதனை உளத்திற் கொண்டு மேலே செல்வோம்.

3. தெருவும் கதவும்

நக்கண்ணையாருக்குப் பின் இவ்வுணர்ச்சி பெரும்பாலும் ஆண்புலவர் கையில் ஓர் இலக்கிய மரபாக வளர்ந்தது. முத்தொள்ளாயிரத்தில் சேர சோழ பாண்டியர் யானைமீதும் குதிரைமீதும் வீதியில் வருகின்றனர், கன்னியர் காண ஓடி வருகின்றனர், தாயர் கதவடைக்கின்றனர். மகளிர் திறப்பதும் தாயர் அடைப்பதுமாகக் கதவின் குடுமியே தேய்ந்து போயிற்று என்னும் கற்பனை அந்நூலில் உள்ளது. கனவில் வந்த மன்னனைக் கண்விழித்து இழந்தவளையும், சென்ற நெஞ்சு திரும்பாமல் அரண்மனை வாயிலில் காத்து நிற்பதாகப் புலம்புபவளையும் அங்கே காண்கிறோம்.

கம்பர் மிதிலை வீதியில் இராமன் தேரில் செல்லும் காட்சியை உலாவியற் படலம் எனத் தனிப்படலமாகவே அமைத்தார். உலா என்னும் சிற்றிலக்கிய வகைக்குச் சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கைலாய ஞானவுலா முதலாவதாகக் கருதப்பட்டு ஆதியுலா எனப் பெயர் பெற்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவர்மீதும் உலாப் பாடினார். எழுபருவ மகளிரும் தலைவனைக் கண்டு மயங்குதல் அம்மரபின் உயிர்நாடி.

இவ்வுலாக்களில் மூன்று இயல்புகளை நாம் குறித்துக் கொள்ளலாம். முதலாவது, தலைவன் நிற்பதில்லை, கடந்து செல்கிறான். இரண்டாவது, காண்போர் பலர். ஆயினும் ஒவ்வொருத்தியும் தன்னந்தனியே துன்புறுகிறாள். மூன்றாவது, அம்மகளிர் மயக்கம் அவர்களுடைய வாழ்வைக் கூறுவதற்காக அமையவில்லை. தலைவனின் பெருமையை அளக்கும் கோலாக அமைந்தது. நக்கண்ணையார் தமக்காகப் பேசினார். உலாமகளிர் தலைவனுக்காகப் பேச வைக்கப்பட்டனர். ஆகவே, தெருவில் செல்லும் அழகனைக் கண்டு மயங்குதல் தமிழிலக்கியம் நெடுங்காலம் பழகிய பொருளேயாகும். அதனைத் திரைப்படத்தோடு வந்த அயல்நாட்டுப் பழக்கம் என்றல் பொருந்தாது.

4. வெண்திரையில் எழுந்த உலா

தமிழின் முதற் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டில் வெளிவந்தது. நாடக மேடையில் பெயர் பெற்றிருந்த பாகவதர் கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘பவளக்கொடி’ (1934) வாயிலாகத் திரைக்கு வந்தார். அதில் அருச்சுனனாக நடித்தார். மூன்றாண்டுகளுக்குள் அவர் தமிழ்நாடெங்கும் அறியப்பட்ட நாயகரானார்.

அமெரிக்காவில் இதற்கு முன்னரே இதனையொத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. ‘தி ஷேக்’ (1921) என்னும் படத்தில் பாலைநிலத் தலைவனாக நடித்த ருடால்ப் வாலன்டினோ 1926 ஆகஸ்டு 23ஆம் நாள் தம் 31ஆம் வயதில் நியூயார்க்கில் இறந்தபோது, அவர் உடலைக் காணத் திரண்ட கூட்டம் காவலர்க்கு அடங்காததாயிற்று. ஆயினும் வாலன்டினோவின் படங்கள் பேசாப் படங்கள். அவருடைய கவர்ச்சி கண்வழிப் புகுந்தது. பாகவதரின் கவர்ச்சியோ முதன்மையாகச் செவிவழிப் புகுந்தது. பாபநாசம் சிவன் இயற்றிய பாடல்களை அவர் உயர்ந்த சுருதியில், சொல் சிதையாமல் பாடினார். படத்தை ஒருமுறை கண்டவரும் இசைத்தட்டின் வாயிலாக அக்குரலைப் பலமுறை கேட்க முடிந்தது. உலாவரும் மன்னன் வீதியைக் கடந்தால் மறைந்து போவான். இந்நாயகனின் குரலோ வீட்டுக்குள் வந்து தங்கியது. முத்தொள்ளாயிரத் தாயர் கதவை அடைத்துத் தடுக்க முயன்றனர்; இசைத்தட்டு அக்கதவையும் கடந்தது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. தெருவில் மன்னன் முகம் தொலைவில் ஒரு நொடி தோன்றி மறையும். திரையிலோ நாயகன் முகம் அண்மையில், பேருருவாகத் தோன்றுகிறது. அவன் நோக்கும் நோக்குத் தன்னையே நோக்குவதாக ஒவ்வொருவரும் கருத இடமுண்டு. கூட்டத்தில் இருந்தும் இருள் அவரைத் தனிமைப்படுத்துகிறது. அவையோர் காண்பரே என நக்கண்ணையார் கொண்ட நாணத்திற்கு அங்கே இடமில்லை.

5. சிந்தாமணியும் ஹரிதாசும்

மதுரை இராயல் டாக்கீஸார் தயாரிப்பில் ஒய். வி. ராவ் இயக்கிய ‘சிந்தாமணி’ 1937இல் வெளிவந்தது. வடமொழி வல்ல பில்வமங்கன் சிந்தாமணி என்னும் கணிகைமீது மையல் கொண்டு, மனை மறந்து, தன்னை மறந்து, முடிவில் கண்ணன் அடியவனாகி லீலாசுகன் எனப் பெயர் பெறுவது கதை. கிருஷ்ண கர்ணாமிர்தம் பாடிய அடியவர் குறித்து வழங்கும் பழங்கதை அதற்கு அடிப்படை. ஓராண்டுக்கு மேல் ஓடிய அப்படத்தின் வருவாயைக் கொண்டு மதுரையில் ‘சிந்தாமணி’ என்னும் பெயராலேயே ஒரு கொட்டகை எழுந்தது என்பது அதன் வெற்றியைக் காட்டும்.

சுந்தர்ராவ் நட்கர்னி இயக்கிய ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளியை ஒட்டி வந்தது. ஜி. இராமநாதன் இசையமைத்தார். செல்வச் செருக்கால் பெற்றோரைப் புறக்கணித்து, அரம்பை என்னும் நாட்டியப் பெண்ணிடம் மயங்கிய இளைஞன், துன்புற்றுத் தெளிந்து, பெற்றோரைத் தெய்வமாகப் பேணும் கதை இது. அரம்பையாக நடித்தவர் டி. ஆர். இராசகுமாரி. படத்தின் தொடக்கத்தில் நாயகன் குதிரைமீது அமர்ந்து, வாழ்வின்பத்தைப் பாடிக்கொண்டு வருகிறான். உலாவிலக்கியம் பயின்றார்க்கு அக்காட்சி புதிதன்று. ஒட்டக்கூத்தரின் சோழன் ஏறிவந்த ஊர்தி மாறியிருக்கிறது, அவ்வளவே. ஆனால் இங்கே ஒரு திருப்பமும் உண்டு. உலாவில் மகளிர் மயங்குவர், மன்னன் மயங்கான். இப்படங்களிலோ மயக்குபவனே மயங்குபவனாகவும் இருக்கிறான்.

இவ்விரு கதைகளும் தரும் அறிவுரை ஒன்றே: மையலை விடு, கடவுளையும் கடமையையும் நாடு. ஆயினும், படம் காண்போர் நெஞ்சில் தங்கியது எது? பட்டாடையும் நீண்ட சுருள்முடியும் ஒளிரும் முகமும் கொண்ட முற்பாதி நாயகனே. ஆடவர் ‘பாகவதர் கிராப்பு’ என்று பெயரிட்டு வளர்த்துக் கொண்டது அம்முற்பாதி நாயகனின் முடியையேயன்றி, துறவு நிலையின் கோலத்தை அன்று. மையலைக் கடியும் கதை மையலை ஊட்டும் உருவத்தைத் தாங்கி வந்தது என்பதே இப்படங்களின் வெற்றிக்குத் தலையாய காரணம் என யாம் கருதுகின்றோம். பக்திக் கதை என்னும் பெயர் இருந்தமையால் குடும்பத்தோடு சென்று காணத் தடையில்லை. கதவை அடைக்க வேண்டிய தாயரே கைப்பிடித்து அழைத்துச் சென்றனர் என்னலாம்.

6. நாயகன் வேறு, நடிகன் வேறு

‘ஹரிதாஸ்’ சென்னைப் பிராட்வே கொட்டகையில் 1944, 1945, 1946 ஆகிய மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடியது. இச்செய்தி பெருமையாகப் பலரால் எடுத்துரைக்கப்படுவது. ஆனால் அக்காலத்தின் பெரும்பகுதியில் பாகவதர் சிறையில் இருந்தார் என்பதையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

திரைப்படத் துறையினரின் அந்தரங்கங்களை எழுதிப் பொருளீட்டிய ‘இந்துநேசன்’ ஆசிரியர் இலட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8ஆம் நாள் சென்னை வேப்பேரியில் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். அவ்வழக்கில் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் டிசம்பரில் கைதாயினர். 1945இல் ஆயுள்தண்டனை பெற்றனர். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற மேல்முறையீட்டின் பயனாக வழக்கு மீண்டும் உயர்நீதிமன்றத்திற்கு வந்து, 1947இல் இருவரும் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளிக்கப்பட்டு விடுதலையாயினர்.

எனவே, கொட்டகையில் நாள்தோறும் குதிரையேறி வந்த ஹரிதாஸ் ஒருவன்; சிறைக்கம்பிகளுக்குப் பின்னிருந்த மாந்தர் மற்றொருவர். முன்னவனைக் காண மக்கள் தொடர்ந்து வந்தனர். பின்னவர் விடுதலை பெற்றபின் நடித்த ‘ராஜமுக்தி’ (1948) வெற்றி பெறவில்லை. ‘அமரகவி’ (1952), ‘சியாமளா’ (1952), ‘புது வாழ்வு’ (1957) ஆகியனவும் பழைய நிலையை மீட்டுத் தரவில்லை. 1959 நவம்பர் 1ஆம் நாள் அவர் மறைந்தார். ‘சிவகாமி’ 1960இல், அவர் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தது.

இவ்வீழ்ச்சிக்குச் சிறைப்பழியே காரணம் என்பர் சிலர். அது பொருந்தாது. அதே வழக்கில் அதே தண்டனை பெற்று அதே ஆண்டில் மீண்ட கலைவாணர் கிருஷ்ணன் ‘நல்லதம்பி’ (1949) முதலிய படங்களால் முன்போலவே மக்கள் உள்ளத்தில் இடம்பெற்றார். காலத்தின் சுவை மாறியது என்பர் வேறு சிலர். இதில் உண்மை உண்டு. ‘அமரகவி’ வந்த அதே 1952இல் தான் ‘பராசக்தி’ வந்து, பாட்டின் ஆட்சியை உரையாடலின் ஆட்சி வென்றது. எனினும் இதுவும் முழுவிடையன்று.

கலைவாணரோடு மக்கள் கொண்ட உறவு தோழமை. பாகவதரோடு கொண்டது மையல். தோழன் துன்புற்றுத் திரும்பி வந்தால், பட்டறிவு பெற்றவன் என நட்பு மேலும் இறுகும். மையலுக்கோ மாறாத உருவம் ஒன்றே வேண்டும். மக்கள் உள்ளம் கொடுத்தது குதிரைமீது வந்த இளைஞனுக்கு. திரும்பி வந்தவரோ வயதேறி, துன்பத்தால் தளர்ந்த ஒருவர். மக்கள் அவரை வெறுக்கவில்லை. அவரிடத்தில் ஹரிதாஸைக் காண இயலாது போயினர். திரை தந்த புதுமை இதுவே: காதலிக்கப்படும் உருவத்தை அதனைத் தாங்கிய மாந்தரிடமிருந்து பிரித்தெடுத்து, மூப்பின்றி நிலைக்கச் செய்தது. மன்னனின் உலாவில் இப்பிரிவு இல்லை. மன்னன் மூத்தால் அவனுடைய உலாவும் மூக்கும்.

7. ஆண்பாலும் பெண்பாலும்

வெண்பாமாலை கூறிய இருபாற் பகுப்பை இங்கே நினைவு கூர்தல் தகும். ‘கச்ச தேவயானி’ (1941) முதல் புகழ்பெற்ற டி. ஆர். இராசகுமாரியிடம் ஆடவர் கொண்ட மயக்கத்திற்குக் ‘கனவுக் கன்னி’ என்னும் அழகிய பெயர் கிடைத்தது. அப்பெயர் பத்திரிகைகளில் தயக்கமின்றி வழங்கிற்று. பாகவதரிடம் பெண்டிர் கொண்ட மயக்கமோ பெரும்பாலும் நகைப்புக்குரிய கதைகளாகவே வழங்கி வந்தது. அவற்றைக் கூறியவர்களும் எழுதியவர்களும் பெரும்பாலும் ஆடவரே. ஆண்பாற் கைக்கிளை கலையுணர்வாக மதிக்கப்பட, பெண்பாற் கைக்கிளை பேதைமையாக எள்ளப்பட்டது. அவ்வேளனத்தின் நோக்கமும் உலாவின் நோக்கத்திற்கு வேறன்று. எத்தனை பெண்கள் மயங்கினர் என எண்ணிக் காட்டுவது நாயகனின் பெருமையை அளப்பதற்கே. மயங்கியவள் யார், அவள் வீடு எத்தகையது, அம்மயக்கம் அவளுக்கு எதனைத் தந்தது என்பன அக்கதைகளின் பொருளாகவில்லை.

அவளுக்கு அது ஒன்றும் தரவில்லை என்று கூறிவிடுதல் எளிது. அடுப்பும் தொட்டிலுமாகக் கழிந்த நாளில், தனக்கே உரிய ஒரு விருப்பத்தை, எவர் இசைவும் வேண்டாது, எவர்க்கும் தீங்கின்றி, உள்ளத்தே வைத்துப் பேணுதல் சிறிய உரிமையன்று. திருமணத்தைப் பிறர் முடிவு செய்த சமுதாயத்தில், தன் கண்ணும் செவியும் தேர்ந்தெடுத்த ஒன்று உண்டு என்பதை அவள் அறிந்த இடம் அதுவாகலாம். நக்கண்ணையார் பனைமரத்தைச் சார்ந்து நின்று கண்டதும் அதுவே: ஊரார் ஆயிரம் சொல்லட்டும், யான் கண்டேன் என்னும் உறுதி.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், திரைநாயகன்மீது கொள்ளும் மையல் தமிழ் மண்ணுக்குப் புதிய உணர்ச்சியன்று என்பதும், கைக்கிளை, பாடாண், உலா என்னும் மரபுகளில் அது தொன்றுதொட்டு வாழ்ந்து வருவது என்பதும் பெறப்பட்டன. அது சீர்கேடு என்னும் கூற்றும் நிற்பதில்லை. இயல்பான ஓர் உணர்ச்சி, இசையையும் உருவத்தையும் பற்றிக்கொண்டு எழுந்தது என்பதே உண்மை.

ஆயினும், பழைய கைக்கிளைக்கும் புதிய மையலுக்கும் இடையே ஒரு வேறுபாடு எஞ்சி நிற்கிறது. பாகவதர் பொற்றட்டில் உணவுண்டார் என்று அவர் செழிப்பைப் பற்றி மக்கள் வியந்து பேசினர். அவர் தளர்ந்த நாட்களில் அக்கூட்டம் அவரைச் சூழவில்லை. போரவைக் கோப்பெருநற்கிள்ளி கூழுண்ட நாளிலும் அவன் தோளைப் பெருந்தோள் என்று பாட ஒருத்தி இருந்தாள். திரை நமக்கு மூப்பில்லாத நாயகனைத் தந்தது. அவனை விரும்புதலில் பிழையில்லை. அவனுக்குத் தன் உடலையும் குரலையும் இரவல் தந்த மாந்தர் மூப்பவர், நோவுறுபவர், நினைக்கப்பட வேண்டியவர் என்பதை மறவாதபோது, நம் மையல் சிறுமை உறவு என்னும் பெயரினின்று நீங்கி நக்கண்ணையாரின் அன்பை ஒருவாறு ஒக்கும்.